பாம்பு வளர்ப்பவருக்கும் பதிவுச் சீட்டு வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை காலை பாக்பஜார் பக்கம் காலிஃப் தெருவுக்குப் போனவர்களுக்கு அந்தச் சந்தையைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வண்ண மீன், நாய்க்குட்டி, புறா, பூச்செடி என்று தெரு முழுதும் கடைதான். முன்பு ஹாதிபாகானில் கூடிய சந்தை பிறகு இங்கே இடம் மாறியது. லேக் மார்க்கெட்டிலும் கார்டன் ரீச்சிலும் குடியிருக்கும் நம்மவர்கள் பலர் லீவு நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போகிறார்கள். பிள்ளை எதையாவது காட்டி அடம் பிடிக்கிறது. அப்பா பேரம் பேசுகிறார். இது கொல்கத்தா வாழ்க்கையில் சகஜம்.

ஆனால் இன்று வீட்டுப் பிராணி வியாபாரம் மீனோடும் புறாவோடும் நிற்கவில்லை. ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு, அமெரிக்காவின் சோளப்பாம்பு ஆகியவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, சூடு காட்ட விளக்குப் போட்டு, எலி கொடுத்து வளர்த்து, குட்டி எடுத்து விற்கும் பொழுதுபோக்கு இந்தியாவின் பெரிய நகரங்களில் வேரூன்றிவிட்டது. "பாம்பென்றால் படையும் நடுங்கும்" என்ற பழமொழி இவர்களிடம் செல்லாது. நிறத்துக்கும் வரிக்கும் தக்கபடி விலை. அபூர்வ நிறமென்றால் ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளத்தைத் தாண்டிவிடும்.

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? அந்தச் சட்டம் எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்கிறதா? இந்த இரண்டு கேள்விகளும் பாம்பு வளர்க்காதவர்களும் கேட்க வேண்டியவை.

உள்ளூர்ப் பாம்பும் வெளியூர்ப் பாம்பும்

நம் நாட்டுப் பாம்புகளைப் பொறுத்தவரை விஷயம் தெளிவானது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நல்லபாம்பையோ மலைப்பாம்பையோ பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை ஆகியவற்றுக்கும் இதே கதிதான். கூண்டுக் கிளி நம் பாட்டி காலத்து வழக்கம் என்று சொன்னால் கோர்ட்டு கேட்காது.

வெளிநாட்டுப் பிராணிகள் விஷயத்தில்தான் நெடுங்காலம் ஓட்டை இருந்தது. அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியா 1976-இல் சேர்ந்தது. ஆனால் அந்த ஒப்பந்தப் பட்டியலில் உள்ள பிறநாட்டு உயிரினங்கள் நம் வன உயிரினச் சட்டத்தில் இடம் பெறவில்லை. விமான நிலையத்தில் சுங்க இலாகா பிடித்தால்தான் குற்றம். பிடிபடாமல் வீடு வந்து சேர்ந்துவிட்டால் கேட்பாரில்லை. நாற்பத்தைந்து ஆண்டுக்கு மேல் இந்த நிலை நீடித்தது.

2020 ஜூன் மாதம் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிப்புச் செய்தது. வெளிநாட்டுப் பிராணி வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாகவே தெரிவித்துவிட்டால், அது எப்படி வந்தது, எங்கே ரசீது என்று கேட்கமாட்டோம் என்றது. ஆயிரக்கணக்கானவர்கள் தெரிவித்தார்கள். பின்னர் 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. சர்வதேசப் பட்டியலில் உள்ள உயிரினங்கள் நான்காவது அட்டவணையாகச் சேர்க்கப்பட்டன. 2024 பிப்ரவரி 28-இல் வந்த விதிகளின்படி, அந்த அட்டவணையில் உள்ள உயிருள்ள பிராணியை வைத்திருப்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. குட்டி பிறந்தாலும், பிராணி செத்தாலும், வேறொருவருக்குக் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். வீட்டில் குழந்தை பிறந்தால் நகராட்சியில் பதிவதில்லையா, அதைப் போலத்தான்.

இவை தவிர, பட்டியலின் முதல் பிரிவில் உள்ள மிக அரிய இனங்களைப் பெருக்கி வளர்ப்பவர்களுக்கு 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி தனி லைசென்ஸும் தேவை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி இந்தப் பிரிவில் வருகிறது. பந்து மலைப்பாம்பு இரண்டாவது பிரிவு. அதற்குப் பதிவு உண்டு, இந்த லைசென்ஸ் இல்லை. சோளப்பாம்பு பட்டியலிலேயே இல்லை.

ஏன் இந்தக் கட்டுப்பாடு?

"என் வீட்டில் என் காசில் நான் எதை வளர்த்தால் சர்க்காருக்கு என்ன?" என்று பாம்பு வளர்ப்பவர்கள் கேட்கலாம். பந்து மலைப்பாம்புக்கு விஷமில்லை, மனிதரைக் கண்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சாது என்பதும் உண்மை. வீட்டிலேயே குட்டி பொரித்து விற்றால் காட்டில் பிடிப்பது குறையும் என்ற அவர்கள் வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த வாதம் நிற்க வேண்டுமானால் வீட்டில் பிறந்த பாம்பு எது, கடத்தி வந்த பாம்பு எது என்று பிரித்தறிய வழி வேண்டும். பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில், துணிப் பைகளில் கட்டிய பந்து மலைப்பாம்புகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் பல தடவை கைப்பற்றியிருக்கிறார்கள். பிடிபட்டவை போக மீதி எங்கே போகின்றன? யாரோ ஒருவர் வீட்டில் "பிறந்தவை"யாக விற்கப்படுகின்றன. பதிவுப் புத்தகம் ஒழுங்காக இருந்தால்தான் நேர்மையாக வளர்ப்பவருக்கும் கடத்தல்காரனுக்கும் வித்தியாசம் தெரியும். ஆகவே பதிவு என்பது நேர்மையான பொழுதுபோக்காளருக்கு விரோதியல்ல; அவருக்குக் கவசம்.

இன்னொன்று, அலுத்துப் போனவர்கள் கைவிடும் பிராணிகள். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலச் சதுப்பு நிலத்தில், வீட்டிலிருந்து தப்பியும் விடப்பட்டும் பெருகிய பர்மிய மலைப்பாம்புகள் அங்குள்ள சிறு விலங்குகளைத் தின்று தீர்த்து வருகின்றன. 2012-இல் அதன் இறக்குமதிக்கு அந்நாடு தடை விதித்தது. ஆனால் அதற்குள் பாம்புகள் வேரூன்றிவிட்டன. குளமும் ஏரியும் நிறைந்த வங்காளத்துக்கு இது நல்ல பாடம்.

மூன்றாவது, உயிருக்கு ஆபத்து. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளுக்காகச் செய்யப்படுவது: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். வெளிநாட்டு விஷப்பாம்பு ஒன்று கொல்கத்தா மாடி வீட்டில் ஒருவரைக் கடித்தால் ஆஸ்பத்திரியில் அதற்குரிய மருந்து இராது. தமிழ்நாட்டிலிருந்து எடுத்த விஷத்தைக் கொண்டு செய்த மருந்து வங்காளத்துப் பாம்புக் கடிக்கே முழுப் பலன் தருவதில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அப்படியிருக்க, அயல்நாட்டு விஷப்பாம்பை எந்தத் துணிச்சலில் அனுமதிப்பது? பிரிட்டனில் விஷப்பாம்பு வைத்திருக்க 1976 முதலே உள்ளூர் நிர்வாகத்தின் லைசென்ஸ் வேண்டும். ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு நாலு குடித்தனம் வாழும் நம் ஊருக்கு அதைவிடக் கடுமையான விதி வேண்டும்.

இருளரும் பேதேயரும்

சட்டம் தேவை என்பதில் சந்தேகமில்லை. அது யார் தலையில் எப்படி இறங்கியது என்பதில்தான் மனம் ஒப்பவில்லை.

செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள். 1972 சட்டமும், 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் அவர்கள் சோற்றில் மண்ணைப் போட்டன. "ஆறு மாதத்துக்குள் வந்து சொல்லுங்கள், ஒன்றும் கேட்கமாட்டோம்" என்று யாரும் அவர்களுக்குச் சலுகை காட்டவில்லை. 1978-இல் ராமுலஸ் விட்டேக்கர் போன்றவர்களின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவான பிறகே அவர்களில் ஒரு பகுதியினருக்கு விடிவு பிறந்தது. சர்க்கார் அனுமதியுடன் பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, சில வாரம் கழித்துக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்குப் பெரும்பகுதி விஷம் வடநெம்மேலியிலுள்ள அந்தச் சங்கத்திலிருந்துதான் போகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

வங்காளத்தில் பேதே என்று அழைக்கப்படும் பாம்பாட்டிச் சமூகத்தாரும் அதே சட்டத்தால் தொழில் இழந்தவர்களே. மனசா தேவிக்குப் பூஜை போடும் கிராமத்தில் கூடையோடு வரும் பேதேயரைப் போலீஸ் பிடிக்கலாம். அது சட்டம். ஆனால் ரசீதில்லாத மலைப்பாம்பைக் குளிர்சாதன அறையில் வைத்திருந்தவருக்கு ஆறு மாதச் சலுகை. கூடைக்கு ஒரு நீதி, கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு நீதியா?

சின்ன மனிதரின் சங்கடம்

ரயில்வே குவார்ட்டர்சில் இருக்கும் நம்மவர் ஒருவர் பிள்ளைக்காகத் தெரு வியாபாரியிடம் ஒரு பச்சைக்கிளி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்றவன் அடுத்த வாரம் அங்கே இருக்கமாட்டான். கிளி இவர் வீட்டில் இருக்கும்; வழக்கும் இவர் பேரில்தான் வரும். பொதுவாக இந்தச் சட்டத்தை மீறினால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு வேலைக்கும் ஆபத்து. லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் சின்ன ஆஸ்திரேலியக் கிளியை வாங்கியிருந்தால் எந்தத் தொல்லையும் இல்லை. இந்த வித்தியாசத்தை அவருக்கு யார் சொன்னார்கள்?

பதிவு செய்யும் முறையும் இணையதளம் வழியாகத்தான். விவரம் தெரிந்தவருக்கு அது பத்து நிமிஷ வேலை. தெருவோர வியாபாரிக்கும் தொழிலாளிக்கும் அது மூடிய கதவு.

செய்ய வேண்டியவை

வன இலாகா காலிஃப் தெரு முனையில் ஒரு பலகை வைக்கட்டும். எதை வாங்கலாம், எதை வாங்கினால் குற்றம், எதற்குப் பதிவு வேண்டும் என்பதை வங்காளியிலும் இந்தியிலும் படத்துடன் எழுதட்டும். சால்ட் லேக் ஆரண்ய பவனிலும் மாவட்ட ஆபீசுகளிலும் மனு எழுதிப் பதிவு செய்து தர ஒரு ஜன்னல் திறக்கட்டும்.

பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாம்பைப் பெருக்கி விற்பவர் எல்லோருக்கும் குறைந்த கட்டணத்தில் லைசென்ஸ் வரட்டும். ஆண்டுக்கொரு முறை சோதனை நடக்கட்டும். வெளிநாட்டு விஷப்பாம்பைத் தனியார் வைத்திருப்பது அடியோடு தடுக்கப்படட்டும். அவகாசத்தைத் தவறவிட்டவர்கள் பிராணியைக் குளத்தில் வீசாமல், தண்டனைக்கு அஞ்சாமல் ஒப்படைக்க ஓர் இடம் வேண்டும். வடநெம்மேலிச் சங்கத்தைப் போன்ற ஓர் ஏற்பாட்டை வங்காளப் பேதேயருக்கும் செய்து கொடுத்தால், இந்த மண்ணின் பாம்புக்கு இந்த மண்ணிலேயே மருந்து கிடைக்கும்; ஒரு சமூகத்துக்குச் சோறும் கிடைக்கும்.

நம்மவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ரசீது தராதவரிடம், பதிவுச் சீட்டைக் காட்டாதவரிடம் எந்தப் பிராணியையும் வாங்காதீர்கள். பிள்ளை அழுதால் மீன் தொட்டி ஒன்று வாங்கிக் கொடுங்கள். அந்த அழுகை ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். கோர்ட்டுக்கு அலைவது பல வருஷம்.

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். ஏழையின் கஷ்டத்தைச் சட்டம் போடுகிறவர்களும் அறிய வேண்டாமா?