பாலருக்குச் சமூகக்கல்வி எதற்கு?

"பாலர் பாடசாலைப் பிள்ளைக்குச் சமூகக்கல்வி எதற்கு? எழுத்தும் எண்ணும் போதாதா?" முன்பள்ளிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் பெற்றோர் இப்படித்தான் கேட்கிறார்கள். அவர்களைத் திரியாய்க்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

திருகோணமலைக்கு வடக்கே, குச்சவெளிக்கு அப்பால் உள்ள தமிழ்க் கிராமம் அது. வயல், குளம், கோயில், சற்றுத் தொலைவில் கடல். அருகே ஒரு குன்று. அதன் உச்சியில் கற்றூண்கள் சூழ்ந்த பழைய பௌத்த தாதுகோபம். சிங்களத்தில் கிரிஹண்டு சேய என்பர். அங்குள்ள பாறைக் கல்வெட்டின் மொழி சமஸ்கிருதம், எழுத்து பல்லவ கிரந்தம். காலம் 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டு என்று கணிக்கப்படுகிறது. அது வணிகர் குழுவினரைக் குறிப்பிடுகிறது.

1985இல் இவ்வூரின் வீடுகள் எரிக்கப்பட்டன, மக்கள் இடம்பெயர்ந்தனர். நெடுங்காலத்தின் பின்னரே திரும்பினர். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. நியமிக்கப்பட்டபோது அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. தொல்பொருள் எல்லையைக் காரணங்காட்டித் தம் வயல்களைச் செய்யவிடாமல் தடுக்கிறார்கள் எனத் திரியாய் விவசாயிகள் முறையிட்டு வந்துள்ளனர்.

இவ்வூரில் வளரும் நான்கு வயதுப் பிள்ளைக்கு இவை எதுவும் எட்டாது என்றா எண்ணுகிறீர்கள்? வீட்டில் தாழ்ந்த குரலில் பேசப்படுவதெல்லாம் அதன் காதில் விழுகிறது. நாம் கற்பிக்காது விட்டால் அறிவிப்புப் பலகையும் அச்சமும் அப்பிள்ளைக்குச் சமூகக்கல்வி புகட்டும்.

எரிந்த வீடுகளின் கதையைப் பாலருக்குச் சொல்லுமாறு நான் கேட்கவில்லை. "எங்கள் மலை" என்ற கோஷத்தைக் கற்பிப்பதையும் ஏற்கேன். அது மறுதரப்பார் செய்வதையே நாமும் செய்வதாகும். பிள்ளைகளைக் குளக்கட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். வயலுக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது, மீன் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். குன்றைக் காட்டி, கடல் கடந்து வாணிபம் செய்தவர்கள் முன்னொரு காலத்தில் இங்கே வந்து வணங்கினார்கள் என்று சொல்லுங்கள். நான்கு வயதுக்கு அவ்வளவு போதும். அமெரிக்கக் கல்வியாளர் லூசி ஸ்பிரேக் மிச்செல் 1934இல் வெளியிட்ட நூலிலேயே, சிறுவர் காலால் நடந்து கண்டறியும் சூழலே புவியியலின் தொடக்கம் என வாதிட்டார்.

இலங்கையில் 1ஆம் தரத்திலிருந்து "சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்" என்ற பாடம் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் 5ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை அதனை மனனப் பாடமாக்கிவிட்டது. இன்று முன்பள்ளிகளும் அந்த ஓட்டத்தில் இறங்கிவிட்டன. தபாற்காரரையும் பொலிஸ்காரரையும் சுவர்ப் படத்தில் சுட்டிக் காட்டும் பிள்ளைக்குத் தன் ஊர்க் குளத்தின் பெயர் தெரிவதில்லை.

தன் ஊரை அறியாது வளர்பவன் அதை இழக்கும்போதும் அறியமாட்டான். அயலவனின் வரலாற்றை அறியாதவனோ அவனோடு வாழவும் கற்கமாட்டான். இவ்விரண்டையும் எந்த வயதில் தொடங்கலாம் என்கிறீர்கள், பெற்றோரே?