ஊதாத சங்குக்கு யார் பொறுப்பு?

கரையோர எச்சரிக்கைக் கோபுரங்களைப் பற்றி அதிகாரிகள் சொன்ன பதிலை வாசகர்கள் படித்திருப்பார்கள். ஆழிப்பேரலைக்குப் பின்னர் நாட்டின் கரையோரமெங்கும் நாட்டப்பட்ட 77 கோபுரங்கள் செயலிழந்து கிடக்கின்றன. அவற்றின் தொழில்நுட்பம் பழசாகிவிட்டது. கைத்தொலைபேசி, வானொலி, தொலைக்காட்சி, பொலிஸ், முப்படை என்று வேறு வழிகள் இருக்கின்றன. ஆகவே எவரும் பதற வேண்டியதில்லை. பதிலின் சாரம் இவ்வளவுதான். இதைச் சொன்னவர்கள் ஒருநாளாவது குறிகட்டுவான் இறங்குதுறையில் வந்து நின்றுவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் ஏறி, வேலணையைக் கடந்து, வாணர் தாம்போதியால் புங்குடுதீவுக்குள் வந்தால் தெரு முடிகிற இடம் குறிகட்டுவான். அதற்கு அப்பால் கடல்தான். நயினாதீவுக்குப் போகிறவரும் நெடுந்தீவுக்குப் போகிறவரும் இங்கேதான் படகேற வேண்டும். வாடை காலத்தில் ஒரு பின்னேரம் இங்கே நின்று பாருங்கள். கடைசிப் படகுக்கு நிற்கிற கிழவி, பொத்தான் வைத்த பழைய போனை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, முடிச்சுப் போட்டு, மருந்துச் சரையோடு சேர்த்துக் கைப்பைக்குள் வைத்திருப்பார். தொழிலுக்குப் போகிறவரும் அப்படித்தான். உப்புத் தண்ணீர் பட்டால் போன் போய்விடும் என்று அதை இறுகக் கட்டி வள்ளத்தின் அணியத்துக்குள் செருகி வைப்பார். வலை இழுக்கிற மனிதன் அதை அவிழ்த்துப் பார்ப்பது கரைக்கு வந்த பிறகுதான். கொழும்பிலிருந்து புறப்பட்ட எச்சரிக்கை அந்த முடிச்சுக்குள்தான் வந்து கிடக்கும்.

கைத்தொலைபேசி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது மட்டும் போதும் என்ற முடிவைத்தான் எதிர்க்கிறோம். சாதாரண குறுஞ்செய்தி ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனியாகப் போய்ச் சேர வேண்டியது. எல்லோரும் ஒரே நேரத்தில் பிள்ளைகளையும் உறவுகளையும் அழைக்கத் தொடங்கினால் வலையமைப்பு திணறும், செய்தி பிந்தும். 2012 ஏப்ரல் 11 ஆம் திகதி பிற்பகலில் சுமாத்திராப் பக்கம் நிலம் அதிர்ந்தபோது அதை எல்லோரும் அனுபவித்தோம். ஒரு கைத்தொலைபேசிக் கோபுரத்தின் எல்லைக்குள் உள்ள எல்லாப் போன்களுக்கும் ஒரே வீச்சில் அனுப்புகிற முறை இருக்கிறது. அது நல்ல முறை. ஆனால் அதற்கும் போனில் சார்ஜ் இருக்க வேண்டும், சமிக்ஞை இருக்க வேண்டும், போன் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் தேசிய மின்கட்டமைப்போடு இணைந்தவை அல்ல. டீசல் இயந்திரத்தை நம்பித்தான் நெடுங்காலமாக அங்கே வெளிச்சம். புயல் இரவில் அந்த இயந்திரம் நின்றுவிட்டால் விடியும்வரை எத்தனை போன் உயிரோடு இருக்கும்? நித்திரையில் இருக்கிறவனை எழுப்புவதற்குத்தான் கோபுரத்தின் சைரன். ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் கேட்கிற சத்தத்துக்கு வேறு மாற்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

சரி, கோபுரங்களைக் கைவிடுவதற்கு அவ்வப்போது சொல்லப்படுகிற இன்னொரு நியாயத்துக்கு வருவோம். பிழையாக ஊதினால் சனம் பயந்து ஓடும், விழுந்து காயப்படும், நாலு முறை பொய்யாக ஊதினால் ஐந்தாம் முறை எவரும் அசையமாட்டார்கள் என்கிறார்கள். ‘புலி வருது’ கதையை எங்களுக்கும் சின்ன வயதில் சொல்லித்தான் வளர்த்தார்கள். ஆனால் நடந்தவற்றை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். 2005 மார்ச் 28 இரவு பத்து மணி கடந்து சுமாத்திராவின் நியாஸ் தீவருகே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. எங்கள் கரைச் சனம் இருட்டில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. 2007 செப்டெம்பர் 12 மாலையில் மறுபடியும். 2012 ஏப்ரலில் 8.6, இரண்டு மணி நேரம் கழித்து 8.2. மூன்று முறையும் இலங்கைக் கரையில் அழிவு வரவில்லை. அதற்காக அவற்றைப் பொய் எச்சரிக்கை என்று எழுதிவிடலாமா? 2012 இல் பூமித்தட்டுக்குள் இருந்த பிளவுகளின் இரு பக்கங்களும் ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் நகர்ந்தன. கடலடி நிலம் மேலே எகிறவில்லை. அதனால் பெரிய அலை எழவில்லை. நிலம் ஆடிய முதல் நிமிடங்களில் இதை உறுதியாகச் சொல்ல எவராலும் முடியாது. அன்று ஓடியவர்கள் ஏமாந்தவர்கள் அல்லர். சரியாகச் செய்தவர்கள்.

உண்மையான பொய் அலாரம் எது என்பதும் தீவகத்துக்குத் தெரியும். வெளிநாட்டிலிருப்பவர்களின் பூட்டிய வீடுகள் புங்குடுதீவில் எத்தனை! களவுக்குப் பயந்து கமராவும் அலாரமும் பூட்டுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எமக்குத் தெரிந்த ஒரு ஒழுங்கையில் அப்படி ஒரு வீட்டின் அலாரம் இரவு பதினொரு மணிக்கு அலறத் தொடங்கியது. முதல் இரவு அயலட்டை முழுக்க டோர்ச்சும் பொல்லுமாய் ஓடி வந்தது. பார்த்தால் யன்னல் கம்பியில் ஒரு காவோலை விழுந்து கிடக்கிறது. வீட்டுக்காரர் இருக்கிற நாட்டில் அது வேலை நேரம், அழைப்பை எடுக்கவில்லை. சாவி வைத்திருந்தவருக்கு நிறுத்துகிற இலக்கம் தெரியாது. இரண்டாம் இரவு இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் இரவு எவரும் படலையைத் திறக்கவில்லை. பட்டரி இறங்கித்தான் அது ஓய்ந்தது. அடுத்த மாதம் அதே வீட்டுக்குள் கள்ளன் வந்து அலாரம் அடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு விதி வேண்டாமா? அலாரம் பூட்டுகிறவர் ஊரில் ஒருவரின் பெயரைக் கொடுக்க வேண்டும், சத்தம் இத்தனை நிமிடத்துக்கு மேல் தொடரக்கூடாது, திரும்பத் திரும்பப் பிழையாக அடித்தால் உரியவர் பதில் சொல்ல வேண்டும் என்று உள்ளூரில் எவராவது எழுதி வைத்தால் போதும். எங்கள் சனம் நிறைந்த ரொறன்ரோவில் 2018 செப்டெம்பர் 10 முதல், தனியார் அலாரம் அடித்தால் உள்ளே ஏதோ நடக்கிறது என்பதற்கு வேறு ஓர் உறுதிப்படுத்தல் இருந்தால்தான் பொலிஸ் வரும் என்று மாற்றினார்கள். பொய் அழைப்புக்கு அங்கே கட்டணமும் உண்டு. புங்குடுதீவார் பலர் அந்த விதிக்குள்தான் வாழ்கிறார்கள். அங்கே எவரும் அலாரத்தைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. அடித்தால் யார் பார்ப்பது, யார் பொறுப்பு என்று எழுதினார்கள். வீட்டு அலாரத்துக்கு அத்தனை நுணுக்கம் தேவைப்படுகிற உலகத்தில், கடற்கரை முழுவதற்குமான சங்கை எந்தக் கணக்கும் காட்டாமல் கைவிடுவது எப்படி நியாயமாகும்?

போன் பொய் சொல்லாது என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2018 ஜனவரி 13 காலையில் ஹவாய்த் தீவுகளின் போன்களில் ஏவுகணை வருகிறது என்று செய்தி வந்தது. பிழை என்று திருத்த 38 நிமிடங்கள் ஆயின. 2020 ஜனவரி 12 ஞாயிறு அதிகாலையில் பிக்கரிங் அணு உலையில் சம்பவம் என்று ஒன்ராறியோ முழுக்கப் போன்கள் அலறின. ஸ்காபரோவில் இருக்கிற எங்கள் உறவுகள் கட்டிலை விட்டுத் துள்ளி எழுந்தார்கள், அதுவும் பிழை. பிறகு என்ன செய்தார்கள்? ஹவாயில் ஒருவர் தனியே அனுப்ப முடியாமல் இரண்டு பேர் உறுதி செய்ய வேண்டும் என்று ஒழுங்கு வைத்தார்கள். பிழையைத் திருத்தினார்களே தவிர முறையை மூடவில்லை. அதே ஹவாயின் மௌவி தீவில் 2023 ஓகஸ்டில் லஹைனா நகரம் எரிந்தபோது கரையோரச் சைரன்கள் நின்றன, ஒன்றும் ஊதவில்லை. சைரன் கேட்டால் சனம் ஆழிப்பேரலை என்று நினைத்து மலைப்பக்கம், நெருப்புக்குள் ஓடிவிடும் என்று நினைத்தோம் என்றார் பொறுப்பதிகாரி. ஏறத்தாழ நூறு உயிர் போன பிறகு அவர் பதவி விலகினார். இங்கே அந்த விலகல்கூட நடக்காது.

நடக்காது என்று ஏன் சொல்கிறோம்? கடந்த காலம் அப்படி. 2004 டிசம்பர் 26 காலை 6.58 க்கு சுமாத்திராவில் நிலம் ஆடியது. கிழக்குக் கரையை அலை தொட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் உடுத்துறைக்கும் தாளையடிக்கும் மணற்காட்டுக்கும் எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாடு முழுவதும் 30,000 க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் பிறகுதான் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது; கோபுரங்கள் வந்தன; திறப்பு விழாக்கள் வந்தன. 2009 இலேயே கைத்தொலைபேசி வழி எச்சரிக்கை வலையமைப்பு ஒன்றும் பெருமையோடு அறிமுகமானது. இன்று புதிய மாற்று என்று நீட்டப்படுவது பதினைந்து வருடங்களுக்கு முன்னரே நீட்டப்பட்ட அதே கைதான்.

2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின்போது என்ன நடந்தது? குண்டு வெடிக்கப் போகிறது என்று அயல்நாட்டிலிருந்து தகவல் வந்து இரண்டு கிழமைகள் கோப்புக்குள் கிடந்தது. எந்தத் தேவாலயத்தின் கதவையும் எவரும் தட்டவில்லை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் இறந்தார்கள். எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மௌனம் காத்தவர்கள் நட்டஈடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. நாற்காலியில் அமர்ந்தவர்கள் மாறியிருக்கலாம். அந்த நாற்காலியின் பழக்கம் மாறவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது தமிழில் எச்சரிக்கை பிந்தியது, பல இடங்களில் வரவே இல்லை என்ற முறைப்பாடுகள் எழுந்தனவே, அவற்றுக்கு என்ன பதில்? தமிழ் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. புயல் அறிவித்தலை மொழிபெயர்க்க இன்னும் ஆள் தேட வேண்டுமா?

படகுக் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. நெடுந்தீவுக்கு ஓடும் குமுதினிப் படகு பழுதென்று கரையேற்றப்படும், திருத்தம் இழுபடும், நெடுந்தீவார் கிடைத்த படகில் தொங்கிக்கொண்டு போவார்கள். உலக வங்கி உதவியில் வந்த நெடுந்தாரகை கடலில் ஓடிய நாளை விடக் கட்டிக் கிடந்த நாளைத்தான் சனம் அதிகம் பேசுகிறது. கொண்டுவந்து கொடுப்பதில் காட்டுகிற அவசரம், பராமரிப்பதில் ஒருபோதும் இல்லை. கோபுரங்களுக்கும் அதே விதிதான் நேர்ந்தது. இரும்பை உப்புக்காற்று அரிக்கும் என்பது நாட்டும்போதே தெரிந்த விடயம். நெய்தல் பூமியில் வாழ்கிறவன் தன் வள்ளத்துக்கு வருடாவருடம் பூச்சுப் பூசுகிறான்; அரசாங்கத்துக்கு ஒரு கம்பத்துக்குப் பூச முடியாதா?

தீவகத்தை 2004 இல் அலை பெரிதாகத் தாக்கவில்லையே என்று எவரேனும் கேட்கக்கூடும். உண்மைதான், நாம் நிழலில் இருந்தோம். ஆனால் 1964 டிசம்பர் 22 இரவு பாக்குநீரிணையின் அக்கரையில் தனுஷ்கோடியை ரயிலோடு கொண்டுபோனது புயலும் அதனோடு எழுந்த கடலும்தான். அதே கடல்தான் நெடுந்தீவின் கரையையும் தொடுகிறது.

பழைய கோபுரத்தைத் திருத்துவதோ, புதிதாக ஒன்றை நாட்டுவதோ, அதைப் பொறியியல் தெரிந்தவர்கள் தீர்மானிக்கட்டும். நாம் கேட்பது, ஊருக்குள் கேட்கிற ஒரு சத்தம் வேண்டும், அது தமிழில் பேச வேண்டும், மாதத்தில் ஒருநாளாவது ஒலித்துப் பார்க்கப்பட வேண்டும், பிழைத்தால் பதில் சொல்ல உள்ளூரில் ஒருவர் இருக்க வேண்டும். பிரதேச சபையா, பிரதேச செயலகமா, இரண்டும் சேர்ந்தா என்பதை உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். அதுவும் அடுத்த வாடைக்கு முன்னர்.

அதுவரை தீவுச் சனம் நம்பியிருப்பது கோயில் மணியையும் தேவாலய மணியையும் ஓட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியையும்தான். ஆனால் ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை அந்த அனுமதி கொடுக்கக்கூடாது என்பது 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் போட்ட கட்டளை. நித்திரை கெடக்கூடாது என்பதற்காகப் போட்ட நல்ல கட்டளை அது. அதன்மேல் எமக்குக் கோபமில்லை. நள்ளிரவில் கடல் ஏறி வருகிறபோது நயினாதீவில் எந்த ஐயர், நெடுந்தீவில் எந்தப் பங்குத்தந்தை, யாருடைய சொல்லைக் கேட்டு ஒலிவாங்கியைக் கையில் எடுப்பது என்பதை மட்டும் கோபுரங்களைக் கைவிட்டவர்கள் எழுத்தில் தரட்டும்.