ஸ்லாட் காலிதான்... ஆனா கார்டு வேலை செய்யாது!

மொபைல் கடையில் டெம்பர்டு கிளாஸ் வாங்கியிருப்பீங்க. கடைக்கார அண்ணன் கேட்கிற முதல் கேள்வி என்ன? "என்ன மாடல்?" உங்க போனை எப்போ வாங்கினீங்க, எவ்வளவு கொடுத்தீங்க என்பதெல்லாம் அவருக்குத் தேவையே இல்லை. மாடல் பேரைச் சொன்னதும் கை தானா ஒரு டப்பாவுக்குப் போகும். சில நேரம், "இதுக்குத் தனியா வரல தம்பி, அந்த இன்னொரு மாடலோட கிளாஸே இதுக்கு உட்காரும்" என்பார்.

எந்த மாடலுக்கு எது பொருந்தும் என்கிற உறவு முழுக்க அவர் தலைக்குள் இருக்கு. அவர் ஒரு வாரம் லீவு போட்டா, கடையில் நிற்கிற பையன் திணறுவான்.

இதே சிக்கல் டெலிகாம் நெட்வொர்க்கில் எவ்வளவு பெரிசா இருக்குன்னு இன்டர்ன்ஷிப் போனப்போதான் எனக்குத் தெரிஞ்சது. அங்கே என்னை உட்கார வைத்தது நெட்வொர்க் இன்வென்ட்டரி டீமில். எந்த ஊரில், எந்த ராக்கில், எந்தப் பெட்டி, அதில் எந்த ஸ்லாட்டில் எந்தக் கார்டு, எந்த போர்ட்டில் எந்த ஃபைபர் என்று எல்லாவற்றையும் பதிவு வைக்கிற மென்பொருள் அது. "டேட்டா என்ட்ரி வேலையா?" என்று நண்பர்கள் கிண்டல் பண்ணாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

ஒரு நாள் ஒரு ஊருக்கு கெப்பாசிட்டி கூட்ட வேண்டியிருந்தது. இன்வென்ட்டரியில் பார்த்தா, அந்த ஊர் சேஸிஸில் 3-ஆம் ஸ்லாட் காலி. ஸ்டோரில் ஒரு லைன் கார்டு இருந்தது. ஃபீல்டு டெக்னீஷியன் அண்ணன் ஒருத்தர் அதை பைக்கில் கட்டிக்கிட்டு ராத்திரி 70 கிலோமீட்டர் போனார். 11 மணிக்கு மேலேதான் வேலைக்கு அனுமதி. கார்டு ஸ்லாட்டில் அழகா உள்ளே போச்சு. ஆனா சிவப்பு விளக்கு எரிஞ்சுது. கழட்டி மாட்டினார், மறுபடி அதே சிவப்பு. விடியற நேரத்தில்தான் விஷயம் தெரிஞ்சது. அந்தக் கார்டு அந்த சேஸிஸின் சில ஸ்லாட்டில் மட்டும்தான் இயங்கும். 3-ஆம் ஸ்லாட் அதில் சேர்த்தி இல்லை. அடுத்த அனுமதி ஒரு வாரம் கழிச்சு.

ரிப்போர்ட்டில் காரணம் என்ன எழுதினாங்க தெரியுமா? "டெக்னீஷியன் தவறு."

மென்பொருள் பொய் சொல்லவில்லை. ஸ்லாட் நிஜமாகவே காலிதான். ஆனா "காலி" வேற, "இந்தக் கார்டுக்கு ஏற்றது" வேற. ரெண்டாவதைச் சொல்ல அந்த மென்பொருளுக்கு வழியே இல்லை, ஏன்னா சேஸிஸ் மாடலுக்கும் கார்டு மாடலுக்கும் என்ன உறவு என்று யாரும் அதில் எழுதவே இல்லை. எழுதாமல் விட்ட விதியின் பழி, கடைசியில் பைக் ஓட்டிப் போனவர் தலையில் விழுந்தது.

இது எங்கேயோ ஒருமுறை நடந்த விபத்து என்று நினைக்காதீங்க. நெட்வொர்க் படிக்கிறவங்களுக்குப் பழக்கமான சிஸ்கோ கேட்டலிஸ்ட் 6500 வரிசையை எடுத்துக்குங்க. அதில் 6513 என்பது 13 ஸ்லாட் சேஸிஸ். சூப்பர்வைசர் 720 போட்டா, அது 7 அல்லது 8-ஆம் ஸ்லாட்டில்தான் உட்காரணும். 1 முதல் 8 வரை உள்ள ஸ்லாட்டுகளுக்கு ஒரே ஒரு ஃபேப்ரிக் சேனல். 9 முதல் 13 வரைக்கு இரண்டு. 48 போர்ட் கொண்ட 6748 கார்டுக்கு இரண்டு சேனல் தேவை. அதனால் அது 9 முதல் 13 வரைக்குள் மட்டும். அதே கார்டு, அதே சூப்பர்வைசர், ஆனா 9 ஸ்லாட் கொண்ட 6509 சேஸிஸ் என்றால் இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

அப்போ "6748 கார்டு 6500-ல் போகுமா?" என்ற கேள்விக்கு ஆமா, இல்லை என்று ஒற்றை வார்த்தையில் பதில் கிடையாது. எந்த சேஸிஸ், எந்த ஸ்லாட், எந்த சூப்பர்வைசர் என்று மூணையும் சேர்த்துக் கேட்டாத்தான் பதில் வரும்.

இப்போ நம்ம ப்ராஜெக்ட்டுக்கு வருவோம். இன்வென்ட்டரி மாதிரி ஏதாவது செய்யச் சொன்னா நாம என்ன பண்ணுவோம்? "எக்விப்மென்ட்" என்று ஒரு டேபிள். அதில் ஐடி, பேர், வகை, பேரன்ட் ஐடி. எது எதுக்குள்ள இருக்கு என்பதை பேரன்ட் ஐடி சொல்லிடும். ட்ரீ வியூ அழகா வரும். ரிவ்யூவில் கைதட்டலும் வரும். ஆனா அந்த டேபிளில் ஒரு எஸ்எஃப்பி-க்குள் முழு சேஸிஸையே வைக்கலாம். டேட்டாபேஸ் வாய் திறக்காது. இப்போ என்ன இருக்கு என்பதை மட்டும்தான் பேரன்ட் ஐடி பதிவு பண்ணும். என்ன இருக்க முடியும் என்பது அதற்குத் தெரியாது.

கொஞ்சம் மேலே போய், "ஸ்லாட்டுக்குள் கார்டு போகலாம், கார்டுக்குள் போர்ட் இருக்கலாம்" என்று வகை அளவில் விதி எழுதுறவங்க உண்டு. நல்லதுதான். ஆனா அது மொபைல் கடைக்காரர் "போனுக்கு கிளாஸ் ஒட்டலாம்" என்று சொல்ற மாதிரி. எந்த போனுக்கு எந்த கிளாஸ்? விதி மாடல் அளவுக்கு இறங்கினால்தான் அந்த அண்ணனின் 70 கிலோமீட்டர் மிச்சம்.

அப்படி இறங்கினா, "உள்ளே இருக்கு" என்கிற ஒரே உறவு போதாது என்று உடனே தெரியும். சில உதாரணம்:

முதலாவது, இடம் அடைப்பது. சில கார்டு ஒன்று, ஆனா ரெண்டு ஸ்லாட்டை அடைக்கும். பக்கத்து ஸ்லாட் இனி காலி இல்லை என்று மென்பொருளுக்குத் தெரியணும்.

இரண்டாவது, ஒருவழிப் பொருத்தம். எஸ்எஃப்பி-யும் எஸ்எஃப்பி ப்ளஸ்-ஸும் பார்க்க ஒரே அளவு. 1 ஜிகாபிட் எஸ்எஃப்பி-யை எஸ்எஃப்பி ப்ளஸ் போர்ட்டில் போட்டா பல பெட்டிகளில் வேலை செய்யும். 10 ஜிகாபிட் எஸ்எஃப்பி ப்ளஸ்-ஸை வெறும் 1 ஜிகாபிட் போர்ட்டில் போட்டா உள்ளே போகும், வேலை செய்யாது. அதனால் "பொருந்தும்" என்பதற்கு திசை உண்டு.

மூன்றாவது, ஜோடி. ஒற்றை ஃபைபரில் ரெண்டு பக்கமும் பேசுகிற பைடி எஸ்எஃப்பி-யில் ஒரு முனை 1310 நானோமீட்டரில் அனுப்பி 1490-ல் வாங்கினா, எதிர்முனை 1490-ல் அனுப்பி 1310-ல் வாங்கணும். நல்ல மாடல்தானே என்று ஒரே மாதிரி ரெண்டு வாங்கி ரெண்டு முனையிலும் போட்டா லிங்க் வராது. இந்த உறவு ஒரே பெட்டிக்குள்ளேயும் இல்லை. ரெண்டு ஊரில் இருக்கிற ரெண்டு மாடலுக்கு நடுவில் இருக்கு.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1990-களிலேயே ஐடியூ-டி வெளியிட்ட எம்.3100 தகவல் மாதிரியில், ஸ்லாட் போன்ற தாங்கிகளுக்கு "இங்கே ஏற்கப்படும் கார்டு வகைகளின் பட்டியல்" என்றே ஒரு பண்பு உண்டு. டிஎம் ஃபோரம் தரங்களில் வளத்தின் விவரக்குறிப்பு தனி, நிஜமான வளம் தனி. விவரக்குறிப்புகளுக்கு நடுவே உறவை எழுதவும் இடம் வைத்திருக்காங்க. நாம பிறக்கிறதுக்கு முன்னாடியே யோசிச்சு வைத்த விஷயத்தைத்தான் நாம ரிவ்யூவுக்கு நாலு நாள் இருக்கு என்று தாண்டிப் போறோம்.

நல்ல மென்பொருளிலும் இந்த இடம் எளிதில் வெற்றிடமா நின்னுடும். 2016-ல் டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் திறந்த மூலமா வெளியிட்ட நெட்பாக்ஸை எடுத்துக்குங்க. டிவைஸ் டைப் வேறு, டிவைஸ் வேறு என்று அது தெளிவாகப் பிரிக்கும். மாடலை ஒரு தடவை எழுதினா, அதிலிருந்து போர்ட்டோடு எத்தனை பெட்டி வேணும்னாலும் உருவாக்கலாம். 2022-ல் வந்த 3.2 பதிப்பில் மாட்யூல் டைப், மாட்யூல் பே ரெண்டும் சேர்ந்தன. ஆனா அந்தப் பதிப்பில், எந்த பே-யில் எந்த மாட்யூல் டைப் போகலாம் என்று தடுக்கும் விதி கிடையாது. கருவி வீடு கட்டிக் கொடுத்தது; கதவுக்குப் பூட்டு நாமதான் போடணும்.

இப்போ உங்க மனசில் வரும் எதிர்க்கேள்விகளுக்கு வர்றேன்.

"நெட்வொர்க்கே தன்னைப் பத்திச் சொல்லுமே, எதுக்குக் கையால் எழுதணும்?" நியாயமான கேள்வி. எஸ்என்எம்பி வழியா என்டிட்டி மிப்-பைக் கேட்டா, எந்தக் கார்டு எதுக்குள்ள இருக்குன்னு பெட்டியே சொல்லும். ஆனா அது சொல்றது இப்போ மாட்டியிருப்பதை மட்டும். ஸ்டோரில் கிடக்கிற கார்டை நாளைக்கு அங்கே போடலாமா என்று அது சொல்லாது. கரண்டே இல்லாத ஸ்ப்ளிட்டரும் பேட்ச் பேனலும் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது.

"20 சேஸிஸ் மாடல், 50 கார்டு மாடல் இருந்தா 1,000 ஜோடி. யார் எழுதுவா?" ஒவ்வொரு ஜோடியா எழுதச் சொல்லவில்லை. ஸ்லாட்டுகளை வகையாகப் பிரிங்க. மேலே சொன்ன 6513-ஐ 13 ஸ்லாட் என்று பார்க்காமல், "ஒரு சேனல்", "இரண்டு சேனல்" என்று பிரிச்சு, அதில் சூப்பர்வைசர் உட்காரும் ரெண்டு இடத்தைக் குறிச்சுட்டா முடிஞ்சது. கார்டு தனக்கு எந்த வகை வேணும்னு சொல்லும். வகைக்கும் வகைக்கும் விதி எழுதினா ஆயிரம், சில பத்துகளாச் சுருங்கும்.

"ரொம்பக் கறாரா விதி போட்டா, வேலை செய்யறவங்க சுத்தி வளைச்சுப் போயிடுவாங்க." இதுதான் எனக்கு மிகவும் வலுவாகத் தெரிகிற எதிர்ப்பு. நானே பார்த்தேன். மென்பொருள் ஏத்துக்காத கார்டை எல்லாம் "ஜெனரிக் கார்டு" என்று ஒரு பொய் மாடல் உருவாக்கி அதில் கொட்டியிருந்தாங்க. அதற்காக விதியே வேண்டாம் என்று சொல்ல முடியாது. விதி மூணு பதில் சொல்லணும்: போகும், போகாது, தெரியாது. நாம பெரும்பாலும் எழுதுற கோடில் விதி இல்லாத இடம் எல்லாம் தானாகப் பச்சை ஆகிடும். என் கருத்தில் அதுதான் பெரிய தவறு. எழுதப்படாத ஜோடி மஞ்சளா வரணும். மஞ்சளைத் தாண்டிப் போக ஃபீல்டில் இருப்பவருக்கு அனுமதி இருக்கணும், காரணத்தை ஒரு வரி எழுதிட்டுப் போகட்டும். அந்த வரிதான் அடுத்த விதிக்கான விதை. அன்னைக்கு ராத்திரி அந்த அண்ணனுக்கு ஒரு மஞ்சள் விளக்கு கிடைச்சிருந்தா, கிளம்புறதுக்கு முன்னாடியே ஒரு போன் போட்டுக் கேட்டிருப்பார்.

ஏஐ-யை டேட்டாஷீட் படிக்க வைக்கலாமே என்றால், தாராளமா. முதல் வரைவை அது எழுதட்டும். ஆனா ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் "எந்த ஆவணம், எந்தத் தேதி, யார் சரிபார்த்தது" என்று மூணு கட்டம் இருக்கட்டும். அந்தக் கட்டத்தில் ஒரு மனுஷன் பேர் வரணும்.

இவ்வளவும் சொல்றதுக்குக் காரணம், இது கீழ்மட்ட வேலை என்கிற நம்ம நினைப்பு. ட்ரீ வியூவுக்கு அனிமேஷன் போடுறது இன்ஜினீயரிங், எந்தக் கார்டு எங்கே போகும்னு உட்கார்ந்து எழுதுறது டேட்டா என்ட்ரி என்று நாம பிரிச்சு வைத்திருக்கோம். எனக்கு இப்போ அது தலைகீழாத் தெரியுது. ஃபேப்ரிக் சேனல் என்றால் என்னன்னு புரியாதவங்களால் அந்த ரெண்டு வரி விதியை எழுத முடியாது. நாலு வருஷம் படிச்சதுக்கு உபயோகம் அங்கேதான் வருது.

அதனால் ஜூனியர்ஸுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த மினி ப்ராஜெக்ட் இன்வென்ட்டரி பக்கம் வந்தா, முதல் டேபிளா "மாடல்" போடுங்க. ரெண்டாவதா மாடலின் ஸ்லாட் வகைகள். மூணாவதா பொருத்த விதி. நிஜப் பெட்டிகளின் டேபிள் நாலாவதா வரட்டும். உதாரணத்துக்கு எங்கேயும் போக வேண்டாம். நெட்வொர்க் லேபில் இருக்கிற ஒரு சுவிட்சை எடுத்து, அதன் டேட்டாஷீட்டைப் படிச்சு, எந்த எஸ்எஃப்பி போகும், எது போகாது என்று பத்து விதி எழுதிப் பாருங்க. நெட்பாக்ஸ் சமூகம் கிட்ஹப்பில் டிவைஸ் டைப் நூலகம் ஒன்றை யாமல் கோப்புகளா வைத்திருக்கு. உங்க சுவிட்ச் மாடல் அதில் இல்லையென்றால் எழுதி அனுப்புங்க.

எழுதி முடிச்சதும் லேப் அசிஸ்டென்ட் அண்ணன்கிட்ட ஒருமுறை காட்டுங்க. "அந்த நாலாவது போர்ட்டுல இது எடுக்காது தம்பி" என்று அவர் ஒன்று சொல்வார். அதையும் அவர் பேரோடு சேர்த்து எழுதுங்க.