கட்டைவிரல் அகலச் சக்கரம்

ராக்கெட் பறந்தால் கைதட்டுகிறோம். ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. காந்தத்தைக் குளிர்விக்கும் ஹீலியத்தைத் திரவமாக்கித் தரும் சின்ன டர்பைனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

16 மில்லிமீட்டர் சக்கரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் அகலம்கூட இராது. அழுத்தத்தில் வரும் வாயு அதைச் சுழற்றி விரியும்போது தன் ஆற்றலைக் கொடுத்துவிட்டுக் குளிர்கிறது. வாயுவின் வேகத்துக்கு ஈடுகொடுக்க, சக்கரத்தின் விளிம்பு நொடிக்கு 170 மீட்டர் ஓட வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று! சக்கரம் சிறுத்தால் சுற்று கூடித்தான் ஆகவேண்டும்.

சக்கரத்தைக் கணக்குப் போட்டு வரைந்துவிடலாம். 1939-லேயே மாஸ்கோவில் கபிட்சா காற்றைத் திரவமாக்க டர்பைன் செய்து காட்டிவிட்டார். கஷ்டமெல்லாம் பேரிங்கில். எண்ணெய் கசிந்தால் குளிர்ப் பக்கத்தில் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதனால் தண்டை, தலைமுடியைவிட மெல்லிய வாயுப் படலத்தில் மிதக்க விடுகிறார்கள். பேலன்ஸ் துளி பிசகினால் உரசி, நொடியில் போச்சு.

டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இப்படிப்பட்ட டர்பைன்களைச் சொந்தமாகச் செய்திருக்கிறது. நம் கல்லூரிகள் பலவற்றிலோ, கம்ப்யூட்டரில் வண்ணப் படம் வந்ததும் புராஜெக்ட் முடிந்துவிடுகிறது. பத்துத் தண்டை உடைத்துப் பார்க்கப் பணமும் பொறுமையும் கொடுங்கள் என்கிறேன். மைக்ரான் பார்த்து லேத்தில் கடைந்தவர்கள் பலர் என்னைப்போல் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார்கள். கை நடுங்கத் தொடங்குமுன் பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் நிறுத்துங்கள்.