லத்தீனில் சொன்னால் அறிவியலா?

தமிழில் செடிகளைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம். லத்தீன் பெயரை 'அறிவியல் பெயர்' என்று முன்னால் வைப்பார்கள். தமிழ்ப் பெயர் 'வட்டார வழக்கு' என்று அடைப்புக்குறிக்குள் போய் உட்காரும். நான் பார்த்த ஒரு வேளாண் செயலியில் அந்த அடைப்புக்குறிகூட இல்லை.

புகையிலைக் காளானை எடுத்துக்கொள்வோம். பச்சையமே இல்லாத ஒட்டுண்ணிச் செடி. புகையிலையின் வேரில் ஒட்டி உறிஞ்சி, கடைசியில்தான் பூந்தண்டை மண்ணுக்கு மேலே நீட்டும். மத்தியதரைக் கடல் நாடுகளில் அது காட்டுப்பூ. வேடசந்தூர்ப் பக்கத்துப் புகையிலை விவசாயிக்கு வயிற்றெரிச்சல்.

லத்தீன் பெயர் ஓரோபாங்கி செர்னுவா. லின்னேயஸின் மாணவர் லோஃப்லிங் ஸ்பெயினில் செடி சேகரித்தபோது எழுதியது, அவர் இறந்த பிறகு 1758இல் அச்சேறியது. 'ஓரோபோஸ்' என்றால் கிரேக்கத்தில் ஒரு பயறு வகை, 'ஆங்கெயின்' என்றால் கழுத்தை நெரிப்பது. இந்தச் செடி யார் கழுத்தையும் நெரிப்பதில்லை, புகையிலை பயறும் இல்லை. இதன் பங்காளிப் பேரினம் ஃபெலிபாங்கி கதை இன்னும் ஜோர். தூர்ன்ஃபோர் என்ற தாவரவியலாளர், தன்னை ஆதரித்த பிரெஞ்சு அமைச்சரின் ஃபெலிப்போ என்ற குடும்பப் பெயரை ஒரு செடிக்கு வைத்தார். பின்னால் அதையும் ஓரோபாங்கியையும் ஒட்டவைத்து ஃபெலிபாங்கி ஆக்கினார்கள். நம்மூரில் பஸ் ஸ்டாண்டுக்கு வைப்பதை அங்கே களைக்கு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

லத்தீன் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் சாஃப்ட்வேர்க்காரன். டேட்டாபேஸில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐடி வேணும். உலகம் முழுக்க ஒரே செடியைத்தான் பேசுகிறோம் என்று அது உறுதி செய்யும். ஐடிக்கு அர்த்தம் தேவையில்லை, அர்த்தம் கமெண்டில் இருக்கும். 'புகையிலைக் காளான்' அந்தக் கமெண்ட். எந்தப் பயிரைப் பிடிக்கும், எப்படி முளைக்கும், இரண்டும் அதிலேயே இருக்கு.

அது காளான் இல்லையே என்பீர்கள். இல்லைதான். ஆனால் களை பறிக்கிற அக்கா தேட வேண்டியது, பச்சை இலை இல்லாமல் புகையிலையின் காலடியில் முளைப்பதை. விதை விழுவதற்குள் அவர் பிடுங்கியாகணும். ஒரே செடி பல்லாயிரம் விதை உதிர்க்கும், அவை மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். அவரிடம் போய் 'ஓரோபாங்கி' என்று தேடச் சொன்னால் எங்கே தேடுவார்?

நான் இருக்கும் மாடம்பாக்கத்தில் வயல்கள் ப்ளாட் ஆகிவிட்டன. வயல் போனால் களையின் பெயரும் போகும், அது ஒரு கணக்கு. வயல் இருக்கிற ஊரிலும் நாமே எழுதி எழுதிப் பெயரை அழிப்பது என்ன கணக்கு? அடைப்புக்குறியை மாற்றிப் போடுங்கள். புகையிலைக் காளான் வெளியே இருக்கட்டும், லத்தீன் உள்ளே போகட்டும்.