எண்ணெய் ஒழுகிய வண்டி



இன்று நம் பங்குகளில் கார் இல்லாத தெரு அரிது. பழையதாயினும், கடனில் வாங்கியதாயினும், ஞாயிறு திருப்பலி வேளையில் கோவில் வளாகத்து வேப்பமர நிழலில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நிற்கக் காண்கிறேன். அவை புறப்பட்டுச் சென்ற பின் அவை நின்ற தரையைப் பார்ப்பது என் வழக்கம். கருமையான வட்டங்கள் இரண்டு மூன்றேனும் அங்கே படிந்திருக்கும். எந்த வட்டம் எவருடையது என்பதும் எனக்குத் தெரியும். மறையுரையில் சொல்லத் தக்க பொருளன்று. ஆதலால் இங்கே எழுதுகிறேன்.

எஞ்சின் எண்ணெயை நாமே மாற்றிக்கொள்வது எப்படி, மாற்றிய பின் அடியிலுள்ள திருகு வழியே ஒழுகாமல் காப்பது எப்படி என்பதே இத்திங்களின் பொருள். குருமடத்தில் இதை எனக்குக் கற்பித்தவர் எவருமிலர். பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பட்டவன் நான் மட்டும் அல்லன் என்பதே இன்றளவும் என் வருத்தம்.

2009-ஆம் ஆண்டில் மலையடிவாரப் பங்கு ஒன்றில் பணியாற்றினேன். பங்கின் வண்டி ஒரு மாருதி 800. 1983-இல் சாலைக்கு வந்து, 2014-இல் உற்பத்தி நின்றுபோன அந்தச் சிறு காரை அறியாதார் நம்மில் இலர். எங்களிடம் வந்தது நான்காம் கையாக. எண்ணெய் மாற்றும் கூலியை மிச்சம் பிடிக்க எண்ணி அதனை நானே மாற்றி வந்தேன். ஒருநாள் காலையில், எண்ணெய்த் தொட்டியின் அடித்திருகில், அதாவது பட்டறையில் டிரெயின் பிளக் என்று சொல்லும் திருகில், ஒரு துளி தொங்கக் கண்டேன். ஸ்பானரை எடுத்து இறுக்கினேன். மறுநாளும் துளி. இன்னும் இறுக்கினேன். மூன்றாம் முறை ஸ்பானரின் கைப்பிடியில் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, முழு பலத்தையும் காட்டினேன். திடீரென்று திருகு இளகிக் கையோடு சுழன்றது. உள்மரை அறுந்துவிட்டது. அதனை ஒருவரிடமும் சொல்லாமல், குழாய் வேலைக்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் நாடாவை நாலு சுற்றுச் சுற்றித் திரும்ப மாட்டிவைத்தேன். நின்றது, நானும் மறந்துபோனேன்.

ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, இரவு பத்து மணிக்கு மேல், கிளைக்கிராமம் ஒன்றிலிருந்து ஆள் வந்தது. ஒரு மூதாட்டிக்கு உயிர் ஊசலாடுகிறது, நோயில் பூசுதல் வேண்டும் என்றார்கள். நோயாளர் எண்ணெய்ச் சிமிழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். பாதி வழியில், கல் பெயர்ந்த சாலையில் வண்டி குலுங்கிச் செல்லும்போது, முன்னே சிவப்பு விளக்கு எரிந்தது. நிறுத்திக் குனிந்து பார்த்தால், திருகு இருந்த இடத்தில் துளை மட்டுமே இருந்தது. பின்னால் சாலை நெடுகக் கரிய கோடு. கைப்பேசிக்கு இணைப்புக் கிடைக்காத இடம். எஞ்சியிருந்த நான்கு கிலோமீட்டரையும் நடந்து கடந்தேன். நான் வாசற்படி ஏறியபோது உள்ளே அழுகுரல் எழுந்து கால்மணி நேரம் ஆகியிருந்தது.

இறந்தோர்க்கான செபங்களைச் சொன்னேன். அவ்வீட்டார் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாள், அடக்கத்துக்கு முன்பே, மூத்த மகன் தன் டிராக்டரைக் கொண்டுவந்து வண்டியை இழுத்துச் சென்று பட்டறையில் விட்டார். "சாமி, வண்டின்னா நிக்கத்தான் செய்யும்" என்றார். வண்டி தானாக நிற்கவில்லை என்பதை அவரிடம் சொல்ல எனக்கு ஓராண்டு பிடித்தது. பத்துக் கன்னியர் உவமையை எத்தனையோ முறை விளக்கியவன் நான்.

பட்டறை முதியவர் வண்டியை மேலே ஏற்றிப் பார்த்துவிட்டுச் சொன்ன செய்திதான் என்னை முற்றும் கலங்கச் செய்தது. அடித்திருகு முதலில் ஒழுகவே இல்லையாம்! எஞ்சினின் தலைமேல் இருக்கும் டேப்பட் கவரின் பேக்கிங் நைந்து, அங்கிருந்து கசிந்த எண்ணெய் பக்கவாட்டில் வழிந்து, எல்லாவற்றிலும் தாழ்ந்த இடமாகிய திருகின் நுனியில் வந்து துளியாகத் தொங்கியிருக்கிறது. குற்றமற்ற திருகைத்தான் மூன்று நாள் முறுக்கியிருக்கிறேன்.

ஆகவே முதலில் கசிவின் பிறப்பிடத்தைக் கண்டுகொள்ளுங்கள். எஞ்சின் ஆறிய பின் அடிப்பாகத்தையும் பக்கங்களையும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, நன்கு உலரவிட்டு, முகத்துக்குப் பூசும் பவுடரை மெல்லத் தூவுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து விளக்கடித்துப் பாருங்கள். வெண்பொடியில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுவே ஊற்றுக்கண். இரவில் வண்டிக்கடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தால் ஒழுகும் அளவும் தெரியும். நிமிடத்துக்கு ஒரு துளி என்றால் அற்பமாகத் தோன்றும். இருபது துளி ஏறக்குறைய ஒரு மில்லி லிட்டர். ஒரு நாளைக்கு எழுபது மில்லிக்கு மேல். இரண்டு வாரத்தில் ஒரு லிட்டர். சிறு கார் ஒன்றின் எஞ்சினில் இருப்பதே ஏறத்தாழ மூன்று லிட்டர்தான்.

இனி மாற்றும் முறை. புதிய வண்டி கம்பெனியின் உறுதிக்காலத்துக்குள் இருந்தால் கைவைக்க வேண்டா. மற்றவர்கள், வண்டியோடு வந்த கையேட்டில் எந்த எண்ணெய், எவ்வளவு என்று அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். 20டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்றெல்லாம் டப்பாவில் இருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முன்னெண் குளிரில் எண்ணெயின் ஓட்டத்தையும், பின்னெண் எஞ்சின் சூடேறிய பின் அதன் தடிப்பையும் காட்டும். கெட்டியான எண்ணெய் நல்ல எண்ணெய் என்று கடைக்காரர் சொல்வதை நம்பி, புதுக்கால எஞ்சினுக்குப் பழைய எண்ணெயை ஊற்றாதீர்கள். இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது, என்று வரம்பு இருக்கிறது. கோவிலுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் எடுக்கும் வண்டிக்கு அந்த ஓராண்டு மிக முக்கியம். குறுகிய ஓட்டத்தில் எஞ்சின் முழுச்சூடு அடையாததால் நீராவியும் எரியாத பெட்ரோலும் எண்ணெயிலேயே தங்கிவிடும். எண்ணெய் கறுத்துவிட்டதே என்று மட்டும் பயப்பட வேண்டுவதில்லை. கரியை அடியில் படியவிடாமல் தன்னுள் ஏந்திக்கொள்வது நல்ல எண்ணெயின் வேலை.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஐந்து பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள். வெதுவெதுப்பான எண்ணெய்தான் அழுக்கோடு சேர்ந்து இறங்கும். நெடுந்தூரம் ஓடிவந்த உடனே திறந்தால் கை வெந்துபோகும். கைப்பிரேக், கியர் இரண்டையும் போட்டு, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இந்த இடத்தில் இளைஞர்களை வேண்டிக்கொள்கிறேன்: ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலை நுழைப்பவன் தன் தாயை நினைக்காதவன். உறுதியான இரும்பு ஸ்டாண்டுகளை வைத்து, வண்டியை ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே செல்ல வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

மேலே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்துவிட்டு, கீழே அகலமான தட்டை வைத்து, திருகை ரிங் ஸ்பானரால் இளக்குங்கள். வாய் திறந்த ஸ்பானர் வழுக்கித் திருகின் தலையை உருட்டிவிடும். இளகிய பின் விரலால், உள்நோக்கி அழுத்தியவாறே சுழற்றி, கடைசி மரையில் சட்டென்று விலக்கிக்கொண்டால் எண்ணெய் முழங்கை வரை வழியாது. முதல் தடவை எப்படியும் வழியும். பதினைந்து நிமிடம் சொட்டட்டும். அதற்குள் ஃபில்டரைக் கழற்றுங்கள். பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு தங்கிவிடுவதுண்டு. அதைக் கவனிக்காமல் புதியதை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாகி, எண்ணெய் பீறிட்டு வெளியேறும். புதிய ஃபில்டரின் வளையத்தில் எண்ணெய் தடவி, கையால் சுழற்றி, வளையம் தொட்ட பின் முக்கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலானவற்றுக்குப் போதும்.

இப்போது நம் திருகுக்கு வருவோம். எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது மரை அன்று. திருகின் தலைக்கும் தொட்டியின் முகப்புக்கும் இடையே நசுங்கி நிற்கும் சிறு வாஷர்தான் தடுக்கிறது. மரை அதனை அழுத்திப் பிடிப்பதோடு சரி. இதை அறியாததால்தான் நான் மரையில் நாடா சுற்றினேன். சணல் நூல், பசை ஆகியவற்றுக்கும் இதுவே விடை. அவற்றின் துணுக்குகள் உள்ளே சென்று எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடவும் கூடும்.

அந்த வாஷர் அலுமினியமாக இருந்தால் ஒருமுறை நசுங்கியதே அதன் வாழ்நாள். ஒவ்வொரு தடவையும் புதியது போடுங்கள், தேநீர் விலைதான். செம்பாக இருந்தால் நசுங்கிய பின் இறுகிவிடும், அடுத்த முறை முகப்போடு இயையாது. செம்புத் தகடு அடிக்க அடிக்க இறுகும், நெருப்பில் சிவக்கக் காய்ச்சினால் மீண்டும் இளகும் என்பதை நம் பொற்கொல்லர்கள் நன்கறிவர். கடை தொலைவில் உள்ள ஊரில் அந்த வைத்தியத்தை நானும் செய்ததுண்டு. ஆயினும் புதிதே மேல். கழற்றிய திருகில் பழைய வாஷர் ஒட்டியிருக்கிறதா, தொட்டியின் முகப்பில் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு முகப்பையும் சுத்தத் துணியால் துடையுங்கள். ஒரு மணல் துகள் போதும், ஒழுகுவதற்கு.

திருகை முதலில் விரலாலேயே நாலைந்து சுற்றுச் செலுத்துங்கள். விரலால் போகாத திருகு கோணலாக ஏறுகிறது என்று பொருள். கழற்றி மறுபடி தொடங்குங்கள். அதன் பின் ஸ்பானர். எவ்வளவு இறுக்குவது? சிறு கார்களுக்குப் பெரும்பாலும் 25 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை கையேட்டில் கண்டிருக்கும். அளவு காட்டும் ஸ்பானர் இருந்தால் சிக்கலில்லை. இல்லாதவர்க்குக் கணக்கு இது: 35 நியூட்டன் மீட்டர் என்பது ஒரு சாண் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் பதினைந்து பதினாறு கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். தண்ணீர் நிறைந்த ஒரு குடத்தை ஒரு கையால் தூக்கும் பலம். தோளைக் கொடுக்க வேண்டியதில்லை, குழாய்த் துண்டுக்கு அங்கே வேலையே இல்லை. தொட்டி அலுமினியமாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். எஃகுத் திருகுக்கு முன் அலுமினிய மரை வெண்ணெய்தான்.

மரை ஏற்கெனவே அறுந்திருந்தால் மூடி மறைக்காதீர்கள். தொட்டியைக் கழற்றி லேத் பட்டறையில் புது மரை பதிக்கலாம், அல்லது தொட்டியையே மாற்றலாம். சற்றுப் பெரிய திருகைப் பலவந்தமாகச் செலுத்துவது பட்டறை சேரும் வரைக்குமான ஏற்பாடு.

புதிய எண்ணெயைக் கையேட்டின் அளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓட்டுங்கள். சிவப்பு விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து, அளவுக்கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்து, இரண்டு குறிகளுக்கு இடையே மேற்குறியை ஒட்டி நிற்குமாறு நிரப்புங்கள். மேற்குறியைத் தாண்டவிடாதீர்கள், சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். பின்னர்க் கீழே குனிந்து திருகையும் ஃபில்டரையும் பாருங்கள். மறுநாள் காலையிலும் ஒருமுறை பாருங்கள். நாளையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றி வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, சொல்லிவையுங்கள். எண்ணெய் குறைகிறது என்ற முன்னறிவிப்பு அன்று அது. எண்ணெயின் அழுத்தம் போய்விட்டது என்ற செய்தி. ஓடும்போது எரிந்தால் பாதுகாப்பான ஓரத்தில் அந்த நொடியே எஞ்சினை அணைக்க வேண்டும். உள்ளே இரும்பும் இரும்பும் ஒன்றையொன்று தொடாமல் மிதப்பது, மயிரிழையிலும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல். அன்றிரவு உடனே நிறுத்தியதால் எங்கள் எஞ்சினாவது பிழைத்தது.

வடித்த எண்ணெயை என்ன செய்வது? கிணற்றடியிலும் சாக்கடையிலும் ஊற்றுவது பெருந்தீங்கு. கதவுக்குப் பூசுவதும், சொறி பிடித்த நாய்க்குத் தடவுவதும் நம் ஊர்ப் பழக்கங்கள். நாய் அதை நக்கி வயிற்றுக்குள் சேர்த்துக்கொள்ளும் என்பதை யாரும் எண்ணுவதில்லை. கையில் நெடுநாள் படப்பட நமக்கும் தோல் நோய், புற்றுநோய்கூட வரலாம். கையுறை அணியுங்கள், சோப்பிட்டுக் கழுவுங்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் பயன்படுத்திய எண்ணெயும் அடங்கும். உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கே அது சென்று சேர வேண்டும். அவர்களுக்குக் கொடுக்கும் பட்டறையைத் தேடிப் பிடியுங்கள். எங்கள் பங்கு இல்லத்தின் பின்புறம் இருபது லிட்டர் கேன் ஒன்று மூடியோடு வைத்திருக்கிறேன். நிறைந்ததும் பட்டறைக்குப் போகும். நம் பங்கினர் அதில் ஊற்றலாம். தண்ணீரோ பிரேக் எண்ணெயோ கலவாமல் கொண்டுவாருங்கள்.