அடிச்சட்டம் இற்றால் யன்னலே போக வேண்டுமா?



அண்மையில் வரும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் நம்மவர்கள் வாங்கிக் குடியிருக்கும் விக்டோரியா, எட்வர்ட் காலத்து வரிசை வீடுகளில், மேலும் கீழும் ஓடித் திறக்கும் மர சாஷ் யன்னல்கள் இன்னும் இருக்கின்றன. அடிச்சட்டம் இற்றுவிட்டது, குளிர்காற்று உள்ளே வருகிறது. பார்க்க வந்தவர் எல்லாவற்றையும் கழற்றி யுபிவிசி போடச் சொல்கிறார். என்ன செய்வது?

பழைய யன்னல்களில் கைதேர்ந்த தச்சர் ஒருவரிடம் காட்டாமல் கழற்ற விடாதீர்கள். இதுதான் என் பதில்.

அந்த மரத்துக்காகவே சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டு யன்னல்களைக் கழற்றி ஸ்கிப்பில் போட்டிருந்தார்கள். முறிந்து கிடந்த சட்டமொன்றின் முனையைத் திருப்பிப் பார்த்தேன். ஆண்டு வளையங்கள் எண்ண முடியாத நெருக்கத்தில் இருந்தன. குளிர் நாட்டுக் காடுகளில் மெல்ல வளர்ந்து, பால்டிக் துறைமுகங்களிலிருந்து கப்பலேறி வந்த பைன் மரம் அந்தக் காலத்து யன்னல்களில் பரவலாகப் பயன்பட்டது. வைரம் பாய்ந்த மரம். இன்று மலிவாகக் கிடைக்கும், விரைவாக வளர்த்து வெட்டிய பைன் அதற்கு ஈடாகாது. ஊரில் முதிரைக் கதவின் அடி கொஞ்சம் இற்றதென்று கதவையே எறிந்துவிடுவோமா?

யன்னல் முழுவதும் ஒரே நேரத்தில் இற்றுப்போவதில்லை. நீர் தங்கும் இடங்களே போகும்: கீழ்ச் சட்டத்தின் அடிக்குறுக்கு, அது பக்கச் சட்டத்தோடு சேரும் மூட்டு, கீழேயுள்ள சில் எனும் அடிப்பலகை. கண்ணாடியைப் பிடித்திருக்கும் புட்டி வெடித்தால் மழைநீர் அந்த இடுக்கில் இறங்கும். மேலே பூசிப் பூசித் தடித்த பெயின்ட் அதைக் காயவிடாது. சிறிய ஸ்குரூடிரைவரை மூட்டருகே அழுத்திப் பாருங்கள். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், முனையோ தடையின்றி உள்ளே போகும். அங்கிருந்து மேலே மேலே குத்திக்கொண்டு போங்கள். பெரும்பாலும் ஒரு சாண் ஏறுமுன் நல்ல மரம் முனையைத் தடுத்துவிடும்.

தேர்ந்த தச்சர் நல்ல மரம் தொடங்கும் இடத்தில் சரிவாக அறுப்பார். சரிவு வெளிப்பக்கம் தாழ்ந்திருந்தால்தான் நீர் இணைப்பில் தங்காமல் வழிந்தோடும். புதுத் துண்டின் ரேகையைப் பழைய மரத்தின் ரேகையோடு ஒத்துப்போக வைத்து எபோக்சிப் பசையால் ஒட்டி, இழைத்துச் சமப்படுத்துவார். அடிக்குறுக்கு முழுவதும் போயிருந்தால் மூட்டைக் கழற்றி அதை மட்டும் புதிதாகச் செய்து கோக்கலாம். சில்லுக்கு ஓக் நல்லது. பெரிய குழியைப் புட்டியாலோ ஃபில்லராலோ அடைத்து மறைப்பவரிடம் மட்டும் வேலையைக் கொடுக்காதீர்கள். பின்னால் இற்றல் தொடரும்.

பக்கப் பெட்டிக்குள் கயிற்றில் தொங்கும் இரும்புக் குண்டுகளையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். மேல் யன்னலின் குண்டுகள் சேர்ந்து அந்த யன்னலைவிடச் சற்றுக் கனமாகவும், கீழ் யன்னலுடையவை சற்று இலேசாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் மேலது மேலேயும் கீழது கீழேயும் நிற்கும். கனமான கண்ணாடி மாற்றினால் குண்டும் மாற வேண்டும். எத்தனை எளிய, எத்தனை அழகான ஏற்பாடு!

குளிரைப் பற்றி: வெப்பம் கண்ணாடி வழியாகவும் போகிறதுதான், ஆனால் நம்மை நடுங்க வைக்கும் காற்று இடுக்குகளால் வருவது. 2009இல் இங்கிலாந்தின் மரபுக்காப்பு அமைப்புக்காக கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம் ஒரு பழைய சாஷ் யன்னலைச் சோதித்தது. இடுக்குகளில் காற்றுத்தடுப்புப் பட்டை பொருத்தியதும் காற்றுக் கசிவு 86 வீதம் குறைந்தது. உள்ளே கனத்த திரைச்சீலையும் போட்டால் வித்தியாசத்தை நீங்களே உணர்வீர்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. இவ்வளவு பழைய யன்னலில் அடியிலுள்ள பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்தபடி தேய்க்கவே கூடாது. அந்தத் தூசி குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கேடு. நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த அறைப்பக்கம் விடாதீர்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இருந்தால் கவுன்சிலைக் கேட்டபின்பே எதையும் தொடுங்கள்.

செலவு குறைவு என்று சொல்லமாட்டேன். நல்ல தச்சரின் கைவேலைக்குக் கூலி உண்டு. சில யன்னல்கள் உண்மையிலேயே திருத்த முடியாத நிலையில் இருக்கும். ஆனால் எத்தனை சட்டம் போயிருக்கிறது, எத்தனை நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொரு யன்னலுக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். 1877இல் வில்லியம் மொரிஸும் நண்பர்களும் பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கியபோது வலியுறுத்தியதும் இந்தப் பொறுமையைத்தான்: தேவையான அளவு மட்டும் திருத்து, மீதியை விட்டுவை.

யன்னல் திருத்திய வாசகர்கள் முன்னும் பின்னும் எடுத்த படங்களை, ஆன செலவோடு எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கங்களை அதற்கென ஒதுக்கியிருக்கிறோம். பெயின்ட் காய மழையற்ற வானிலை வேண்டும்; வேலையை இந்தக் கோடையிலேயே தொடங்கிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்